பாராயணத்தில் வந்த ரயில்

முதலில் ஈசனையும் நம் கொடியிடை அம்மனையும் கும்பிட்டுக்கொள்கிறேன். பிறகு உங்களிடம் வருகிறேன்.

நம் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக் குழுவின் ஆண்டு மலருக்கு, சமீபத்தில் படித்துப் பிடித்த புத்தகங்களைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று தலைவி அம்மா சொன்னார். போன வருடமும் இதையேதான் கேட்டார். வந்த கட்டுரைகளை நான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நான் ஒருத்திதான் படித்திருப்பேன் என்று நினைக்கிறேன். வேறு யாராவது படித்திருந்தால் வெட்கத்தில் இந்த வருடம் எழுதுங்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே பத்தியை எழுதியிருந்தீர்கள். 'வாழ்க்கையைப் புரட்டிப் போடும் நூல். ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டியது.' போனில் வந்ததை அப்படியே இறக்கி வைத்திருந்தீர்கள். ஒருவர் அதன் அடியில் இருந்த 'உங்கள் உறவினர்களுக்கும் பகிருங்கள்' என்பதைக்கூட விடாமல் எழுதியிருந்தார். அந்த வரி ஒன்றுதான் அவர் உண்மையாகப் படித்தது போல.

நான் எட்டாவது வரை போனவள். நயமாக எழுத வராது. ஆனால் படிப்பேன். விளக்கேற்றி, சாமிக்குப் பூப்போட்டு, சோறு வடித்து இறக்கிய பிறகு, மத்தியானம் முழுக்கப் படிப்பேன். அம்பத்தூர்க் கிளை நூலகத்தில் இருக்கும் பெண் என்னைப் பார்த்தாலே எழுந்து போய் அலமாரியைத் திறக்கிறது.

புத்தகங்களின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வெள்ளிக்கிழமையே குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டு, "நானும் படிச்சேன் அக்கா, அருமை" என்பீர்கள். வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், கையில் தருகிறேன். திருப்பித் தரும்போது எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேட்பேன்.

முதல் புத்தகம், பெண்கள் விடுதியில் சமையல் செய்யும் ஒருத்தியின் கதை. நீல அட்டை. அவள் நல்லவள் இல்லை. பருப்பைத் திருடுகிறாள், வார்டனைத் திட்டுகிறாள், ஊரில் இருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டே ரசத்தில் உப்பை இரண்டு தடவை போடுகிறாள். கடைசிவரை யாரும் அவளைத் திருத்தவில்லை, அவளும் திருந்தவில்லை. அதற்காகவே பிடித்தது. நமக்கு வரும் புத்தகங்களில் எல்லாம் கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருவர் காலில் விழுந்து தொலைக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு ஓதுவார் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம். பக்திப் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பக்திப் புத்தகம்தான். ஆனால் அவர் எழுதுகிறார்: மார்கழிக் குளிரில் சந்நிதியில் நின்று பாடும்போது சில நாள் மனம் சாமியிடம் இல்லை, மடப்பள்ளியில் இறக்கிக்கொண்டிருக்கும் பொங்கலில் இருந்தது என்று. படித்துவிட்டுப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமி முன்னால் பொய் சொல்லாத மனிதரை எழுத்திலாவது பார்க்க முடிந்ததே. நேரில் நான் பார்த்தவர்கள் வேறு மாதிரி. அதைச் சொல்லத்தான் போகிறேன்.

இந்தப் புத்தகங்களை நான் தனியாகப் படிக்கவில்லை. பூந்தமல்லியில் மகன் வீட்டோடு இருக்கும் என் சின்னம்மாவுக்கு, அதாவது என் அம்மாவின் தங்கைக்கு, கண் மங்கிவிட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளம் மேடெல்லாம் பஸ்ஸில் குலுங்கிக் கடந்து போய், வாசித்துக் காட்டிவிட்டு வருவேன். அவள் சும்மா கேட்கிறவள் இல்லை. பாதியில், "நிறுத்து. இந்த ஆம்பள பொய் சொல்றான்" என்பாள். பத்துப் பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்தால், சொன்னது போலவே பொய்தான் சொல்லியிருப்பான்.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டாருக்குத் தெரியாமல் கதைப் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துப் படிக்கிறாள். அந்த இடம் வந்ததும் சின்னம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இவ அரிசிப் பானைல வச்சிருக்கா. நம்ப சாமியாண்டயே வச்சோம். யாருடி கில்லாடி?" என்றாள்.

அன்றைக்கு அதற்கு மேல் வாசிப்பு நடக்கவில்லை. அந்த நவராத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் புத்தகம் எனக்கு ஏன் பிடித்தது என்பதற்கு வேறு காரணம் எழுதத் தெரியவில்லை. இதையே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்போ நான்கோ. திருமுல்லைவாயிலில் ஓட்டு வீடு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஓட்டிலிருந்து சொட்டும் இடங்களுக்கெல்லாம் பாத்திரம் வைப்போம், ஒவ்வொரு பாத்திரமும் ஒரு சத்தம் போடும். அப்பாவுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. தாத்தாவும் ஆயாவும் காலமாகிவிட்டதால் சின்னம்மா எங்களோடு இருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அங்கே திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர், தாம் படித்து முடித்த வாரப் பத்திரிகைகளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கொடுத்துவிடுவார்.

நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், வாரா வாரம் வரும் தொடர்கதையைக் கிழித்து எடுத்து, முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை அடுக்கி, பைண்டு செய்து வைத்துக்கொள்வது. தெரியாதது போல நடிக்காதீர்கள். சின்னம்மா கடைக்குக் கொடுக்க மாட்டாள். கோணி ஊசியும் நூலும் வைத்துத் தானே தைப்பாள். மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவாள். பூச்சி அரிக்காதாம். நீலம் பாய்ந்த அந்தப் பசையின் வாசனையை, துணிக்குப் போடும் கஞ்சியும் செப்புக்காசும் கலந்தது போன்ற அந்த வாசனையை, இப்போது எந்தக் கடையில் போய்க் கேட்பது? பக்கத்தின் ஓரத்தில் பாதித் துணுக்கு இருக்கும், பாதித் தேங்காய்ப் பர்பிக் குறிப்பு இருக்கும். மீதிப் பாதி எந்த வீட்டுக்குப் போனதோ. சின்னம்மா பாதி பர்பியைத் தானே முடித்துச் சொல்லுவாள். செய்து பார்த்தால் அது எந்த நாளிலும் பர்பியாக வந்ததில்லை, அல்வாவாகத்தான் வந்தது.

மாமா பக்கத்து வீட்டில் இருந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். பெற்றவர்கள் இல்லாததால் சின்னம்மாவின் கல்யாணம் அவர் பொறுப்பு. பஜனை கோஷ்டிக்குத் தலைவர். நெற்றி நிறைய விபூதி. கூடத்தில் கண்ணாடி பீரோ ஒன்றில் தடித்தடியாகப் பக்தி நூல்களை நிறுத்தி வைத்திருந்தார். ஒருமுறை பல்லி ஒன்று உள்ளே செத்து நாறியபோது எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தோம். அச்சாபீஸில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் ஒட்டிக்கொண்டபடியே இருந்தன. அந்தப் பீரோவைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் "படிச்ச மனுஷன்" என்பார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

கொரட்டூரிலிருந்து ஒரு வரன் வந்தது. விஜயதசமி அன்றைக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமா வந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் காரை பெயர்ந்திருந்தது, ஓடு ஒழுகியது. அவர் கண்ணில் பட்டது சின்னம்மாவின் புத்தக அடுக்கு.

"கதை படிச்சிப் படிச்சிதான் இவளுக்குப் புத்தி கெட்டுப் பூட்ச்சி. மாப்ள ஊட்டுக்காரங்க வர்றப்ப இந்த ஊட்ல ஒரு கதை புஸ்தகம் இருக்கக் கூடாது, ஆமா."

"அது பாட்டுக்கு அது மூலைல கீது. உன்ன இன்னா பண்ணுது?" என்றாள் சின்னம்மா.

"பாத்தியா? இந்த வாய் எங்கேர்ந்து வந்துது? எல்லாம் அதுலேர்ந்துதான்."

பழைய பேப்பர்காரரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். வருடக்கணக்காகத் தைத்து வைத்த புத்தகங்களைத் தராசில் ஏற்றினார்கள். பேப்பர்காரர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா தச்சிகீதும்மா, பிரிக்கவே மனசு வல்ல" என்றார். மாமா, "பிரிச்சிடு" என்றார். சின்னம்மா தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை.

ஒன்று மட்டும் தப்பித்தது. புதிதாகத் தைத்து, பசை காய்வதற்காக முற்றத்தில் முறத்தடியில் வைத்திருந்தாள். அம்மா முறத்தின் மேல் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட உயிரான கதை அதுதான். சின்ன ஸ்டேஷன் ஒன்றின் பக்கத்தில் குடியிருக்கும் டீச்சர் ஒருத்தி, வருகிறேன் என்று சொல்லிப் போன ஒருவனுக்காக ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் வந்தானா இல்லையா என்பது கடைசி வாரத்தில்தான் தெரியும்.

அன்றைக்கு மாமா போன பிறகு அம்மா அதற்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாள். பழைய காலண்டரிலிருந்து சரஸ்வதி படத்தை வெட்டி, மீந்திருந்த பசையாலேயே மேலே ஒட்டினாள். என் அம்மா பொய் சொல்லாதவள், வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பவள். ஒட்டி முடித்ததும் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, உன் புள்ளதான் இதுவும். ரெண்டு நாளைக்குப் பாத்துக்க" என்றாள்.

சரஸ்வதி பூஜை அன்று மாமாதான் எங்கள் வீட்டிலும் பூஜை செய்வார். எஸ்டேட் பக்கம் கம்பெனி வாசல்களில் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பாகக் கிடக்கும். அப்பாவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் வாழைக்கன்று, சின்னம்மாவின் மெஷினுக்குச் சந்தனம், என் சிலேட்டுக்குக் குங்குமம். புத்தகங்களை அடுக்கிக்கொண்டே வந்த மாமா, காலண்டர் படம் ஒட்டியதைக் கையில் எடுத்தார்.

"இது இன்னா புஸ்தகம்?"

"பாராயணப் புஸ்தகம் ணா. அவ தெனம் பாராயணம் பண்றது" என்றாள் அம்மா. அது பொய்யும் இல்லை.

திறந்து பார்த்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் மாமா புத்தகத்தைத் திறக்கிற ஆள் இல்லையே. கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் உச்சியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மல்லிகைச் சரத்தைச் சுற்றினார். கற்பூரம் காட்டினார். சின்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

அன்றைக்கு எதையும் படிக்கக் கூடாது. புத்தகமெல்லாம் அம்மனிடம் இருக்கிறது. எழுத்து கண்ணில் பட்டாலே தப்பு என்று, பொரி கட்டி வந்த காகிதத்தைக்கூட நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பிரித்தேன். பொரி தரையெல்லாம் சிதறி அடி வாங்கினேன்.

மறுநாள் கொரட்டூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் வைத்த பொரியிலிருந்து பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். அவருடைய அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு பாடுமா?" என்றார்.

மாமா கூட்டத்தில் பேசும்போது புத்தகத் தமிழில் பேசுவார், பாதி வழியில் அது தடம் புரளும். "சங்கீதம் பயிலவில்லைங்க. ஆனால் தங்கச்சி நித்தமும் பாராயணம் பண்ணும். இன்னிக்கு விஜயதசமி. பூஜையில வச்ச புஸ்தகத்தை எடுத்து வாசிக்கிறது மரபு. ஏம்மா, அத எடுத்துகினு வா, நாலு வரி படிச்சிக் காட்டு."

அம்மாவின் முகம் வெளுத்தது. சின்னம்மாவுக்கு அம்மன் பாட்டு எத்தனையோ மனப்பாடம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஒன்றை ஒப்பித்திருக்கலாம். அம்மா கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். சின்னம்மா புத்தகத்தை எடுத்தாள், பூவை விலக்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிரித்தாள். நிமிர்ந்து மாமாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளது உள்ளபடி படித்தாள்.

"'அவள் விளக்கை ஏற்றினாள். அவன் வருவதாகச் சொன்ன நாள் போய்விட்டது. ஆனாலும் ஏற்றினாள். ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காத்திருப்பது அவள் வேலை. வருவது அவன் வேலை.'"

"ஆஹா!" மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "ஜீவாத்மா, பரமாத்மா."

"அதேதாங்க. ஜீவாத்மாதான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"'எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் கூவியது.'"

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ரயிலா?"

மாப்பிள்ளைகூடக் கடலை பொறுக்குவதை நிறுத்தினார். அப்போது மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"புது உரைங்க அது. இப்பல்லாம் சனங்களுக்கு வெளங்கணும்னு இந்தக் காலத்து வார்த்தையில போடறாங்க. எங்க பக்கத்துல ஒரு சாமியாரு வந்தாரு, அவரு ஏரோப்ளேனே சொன்னாரு."

"அதான், அதான். நானும் படிச்சிகீறேன்" என்றார் மாமா. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடுகிறவர்களை எல்லாம் நான் சந்தேகப்பட மாட்டேன், நானும் மூடுகிறவள்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவதற்குச் சாமியை மறைப்பாகப் பிடித்துக்கொள்கிறவர்களை அன்றிலிருந்து எனக்கு மூக்கால் மோந்தாலே தெரியும். இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் அறியாமைக்கு இன்னொருவர் முட்டுக் கொடுத்துக்கொண்டு, வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு உருகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில்தான் சின்னம்மாவின் வாழ்க்கை இருந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களை இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவை. ரயில் வந்தபோது அவர் திடுக்கிடவில்லை. சின்னம்மா படிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

காபி டம்ளரை வைக்கிற சாக்கில் அவர் அடுப்படிக்கு வந்தார். சின்னம்மாவின் கையைப் பிடித்தார்.

"கடைசி வாரம் கீதா இதுல?"

சின்னம்மா தலையாட்டினாள். "கீதும்மா."

"நான் ஆரம்பத்துலேர்ந்து படிச்சிகினு வந்தேன். எதுத்த ஊட்ல வாங்குவாங்க. முடியற நேரத்துல அவங்க காலி பண்ணிகினு பூட்டாங்க. அவன் வந்தானா இல்லியான்னு தெரியாம எனக்குச் சோறே எறங்கல, போ. எடுத்துகினு போய் மொதல்லேர்ந்து படிச்சிட்டுத் தரட்டா?"

சின்னம்மா புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள். கூடத்தில் மாமாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தையே சம்பந்தி அம்மா கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்! வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் தட்டில் வைத்து, நடுவில் புத்தகத்தை வைத்துக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் சின்னம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். இதற்கு முன் எந்த வரனுக்கும் அவள் சிரித்ததில்லை. "மாப்ள எப்டியோ போவட்டும்டி. மாமியாக்காரி கதை படிக்கிறாடி! அந்த ஊட்ல படிக்கலாம்டி!" என்றாள். கல்யாணப் புடவை, நகை என்று எதைப் பற்றியும் பேசவில்லை. அந்த வீட்டில் ஜன்னல் இருக்குமா, மத்தியானம் வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்பதைப் பற்றியே பேசினாள்.

மழை பிடித்துக்கொண்டது. சின்னம்மா தெருவில் யார் குடை வந்தாலும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் வந்தது தரகர். நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா கதை புஸ்தகம் படிக்குமாமே. மாப்ள அம்மாவுக்கு அது ஒத்து வரலியாம்."

மாமா குதித்தார். "எவன் சொன்னான்? இந்த ஊட்ல கதை புஸ்தகமே கெடையாது! நானே நின்னு எடைக்குப் போட்டேன்!"

"அந்தம்மா கையிலயே கீதாமே நைனா. மேல காலண்டர் சாமி ஒட்டினது."

இன்னும் படிக்கிறீர்களா, இல்லை அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விட்டீர்களா?

மாமாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தங்கைக்கு வரன் போயிற்றே என்று அவர் வருந்தவில்லை. தொடர்கதைக்குத் தன் கையால் கற்பூரம் காட்டிவிட்டோமே என்றுதான் தலையில் அடித்துக்கொண்டார். அபச்சாரம் என்று சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வீடு முழுக்க மஞ்சள் நீர் தெளித்தார். சின்னம்மா கை நோகத் தைத்த அத்தனையையும் பிரித்துப் போடச் சொன்னது அவருக்கு அபச்சாரமாகத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் சரஸ்வதி ரூபம் என்று வருடத்துக்கு ஒருநாள் பூஜை செய்கிறோமே, எந்த எழுத்து என்று அம்மன் எங்கேயாவது பிரித்துச் சொல்லியிருக்கிறாளா? இத்தனை வருடம் கும்பிட்டும் எனக்கு அப்படி ஒன்று தெரியவில்லை.

ஆனால் மாமாவைக்கூட விட்டுவிடலாம். அவர் படிக்காதவர். அந்த அம்மாள் படித்தவர். வரி வரியாக வாயசைத்தவர்.

மழை விட்ட ஒரு நாள், ஜாக்கெட் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினாள். வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணே போவது எங்கேயாவது உண்டா? கொரட்டூரில் இறங்கி, ஏரி தளும்பிக்கொண்டிருந்த பக்கமாக நடந்தோம். கரை மண் என் பாவாடை முழுக்க அப்பியது.

வாசல் கதவு திறந்திருந்தது. ஆண்கள் யாரும் இல்லை. அந்த அம்மாள் அடுப்படி வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்து, புத்தகத்தை முழங்கால் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் அடுப்பில் சோறு கொதித்தது. சரஸ்வதி படத்தின் மேல் மஞ்சள் கறை. எங்களைப் பார்த்ததும் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சொந்தக்காரர்கள் வந்தது போலச் சிரித்தார்.

"வாம்மா வா. கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டேன். அந்த டீச்சர் பொட்டி எடுத்துகினு ஸ்டேஷனுக்குப் போறாளே, அந்த எடம். அழுது அழுது மூக்கே வீங்கிப் பூட்ச்சி எனக்கு. ஒக்காரு, முடிச்சிட்டுத் தந்துடறேன்."

சின்னம்மா உட்காரவில்லை. "கதை படிக்கிற பொண்ணு வாணாம்னு சொன்னீங்களாமே?"

"ஆமா." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "கோச்சிக்காத. உன்னைப் பாத்தா எனக்குப் புடிச்சிதான் இருந்துது. ஆனா நீயே சொல்லு, ரெண்டு பேரும் படிச்சிகினு குந்திகினு கீறோம்னு வையி, ஒல யாரு வைக்கிறது? எனக்கு வயசாவுது. ஒரு மருமவ வந்தா நான் நிம்மதியா நாலு பக்கம் படிப்பேன்."

"அத அப்டியே சொல்லியிருக்கலாமே."

"அத எப்டிம்மா வெளிய சொல்றது? நான் படிக்கிறது எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாதே. தரகராண்ட மட்டும்தான் தனியா சொன்னேன். இது பாராயணம்னுதான அவரு நெனச்சிகினு கீறாரு."

நான் இத்தனை வயதுக்கு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். படிக்காமல் படித்ததாகச் சொல்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஒரு பெண் காத்துக் காத்து வெந்த கதையை மூக்கு வீங்க அழுது படித்துவிட்டு, எதிரே நிற்கிற பெண்ணை அந்தக் கதையைக் காட்டியே தள்ளிவிட ஒருத்தியால் முடிந்தது. படித்தால் மனசு இளகும் என்று மலரில் எழுதுகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பக்கத்தில் இளகுகிற மனசு எல்லாம் வீட்டில் இளகுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் படிக்கிறேன். அதனால்தான் யாரும் திருந்தாத புத்தகமாகத் தேடிப் பிடிக்கிறேன்.

சின்னம்மா குனிந்து அவர் முழங்காலிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அடையாளத்துக்கு வைத்திருந்த துடைப்பக் குச்சியை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி! இங்கியே நில்லு, அடுப்பு மேல சோறு வேவறதுக்குள்ள முடிச்சிடறேன்!"

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அந்த அம்மாள் குச்சியைப் பிடித்தபடியே பின்னால் ஓடி வந்தார். தெருவில் தண்ணீர் நின்றிருந்தது. படியோடு நின்றுவிட்டார்.

"தே, பொண்ணே! புஸ்தகம் வாணாம், நீயே எடுத்துக்க. அவன் வந்தானா இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போவும்!"

சின்னம்மா திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"கதை படிக்காத மருமவளாப் பாத்துத்தான கொண்டாரப் போறீங்க? அவளாண்ட கேட்டுக்குங்க."

நாங்கள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அந்த அம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே சோறு அடிப்பிடிக்கும் வாசனை எங்களோடு ஏரிக்கரை வரை வந்தது.